அந்த ஸ்க்ரூவை யார் ஏற்றச் சொன்னது?

எல்லோரும் பகிர்ந்த அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பழைய சீன மேசையைச் சுரண்டி, மூட்டுக்கு மூட்டு ஸ்க்ரூ ஏற்றி, கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்து "புதுசாக்கிட்டோம்" என்று சிரிக்கிறார்கள். "இது கொலை" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். "சைனா சாமானுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று பதில் வந்தது.

சரி, பில்டப் தருகிறேன். 1567-இல் சீனாவை ஆண்ட மிங் அரசு கடல் வணிகத் தடையைத் தளர்த்தியதும் தென்கிழக்காசியாவிலிருந்து கெட்டி மரங்கள் நிறைய வந்து இறங்கின. போதாததற்குச் சீனாவின் ஹைனான் தீவிலேயே ஹுவாங்ஹுவாலி என்ற கெட்டி மரமும் இருந்தது. சூஜோ நகரத் தச்சர்கள் ஆணியை நம்பவில்லை. ஒரு கட்டையின் முனையில் செதுக்கிய கழுந்தை இன்னொரு கட்டையின் துளைக்குள் செருகியே நாற்காலியை நிற்க வைத்தார்கள். மேசையின் நடுப்பலகையைச் சட்டத்தோடு இறுக்கவும் மாட்டார்கள், சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளமான காடிக்குள் கொஞ்சம் இடம் விட்டுச் செருகி விடுவார்கள். ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதற்குத்தான் அந்த இடம். அதில் போய் ஸ்க்ரூ ஏற்றுகிறீர்கள்!

எனக்கு இது பட்ட பாடம். சிங்கப்பூரில் இருந்தபோது பழைய சாமான் கடையில் ஒரு குட்டி மேசை வாங்கினேன். மிங் எல்லாம் இல்லை, நூறு வயது இருந்தாலே அதிகம். கால் ஆடுகிறதே என்று ஓரிடத்தில் பழுது பார்க்கக் கொடுத்தேன். அவர்கள் பலகையும் ஆடுகிறது என்று காடி முழுக்கப் பசை ஊற்றித் தந்தார்கள். "இனி அசையவே அசையாது" என்று உத்தரவாதம் வேறு. ஏசி அறையில் போட்டேன். மூன்றாவது வாரம், நடுராத்திரியில் டப்பென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டால், பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நகம் நுழையும் அளவுக்கு விரிசல். உத்தரவாதம் பொய்யில்லை, அசையத்தான் இல்லை.

"உனக்குக் காசு கொழுப்பு" என்கிறார் ஒருவர். என் வீட்டுக் கடனை வந்து கட்டிவிட்டுப் பேசட்டும். "பழசைச் சுத்தம் செய்யவே கூடாதா?" தாராளமாகச் செய்யுங்கள், தேன்மெழுகு தேயுங்கள். பல தலைமுறைக் கைகள் பட்டுப்பட்டு ஏறிய மெருகைச் சுரண்டிவிட்டால் அது எந்த டப்பாவிலும் கிடைக்காது. சுரண்டவும் வேண்டாம், ஸ்க்ரூவும் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொருவர் கேட்டதுதான் தூங்கவிடவில்லை. சீனர்கள் ட்ஸுதான் என்று கொண்டாடுவது நம் செம்மரத்தை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டு, தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் செத்தார்கள். "அந்த மர நாற்காலிக்கா அழுகிறாய்?" என்றார். மிங் தச்சனா சுட்டான் என்று எழுதினேன், அழித்துவிட்டேன். பதில் இல்லை என்னிடம். ஆனால் கேட்ட மகராசன் அந்த வீடியோவுக்கு ஹார்ட் போட்டிருக்கிறார். வெட்டி முடித்த மரத்தையாவது வாழவிடலாமே ஐயா?

இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்க்ரூ இறங்கும்போது செக்கச்செவேலென்று தூள் கொட்டுகிறது. அதை ஒருவர் வாயால் ஊதித் தள்ளுகிறார். பின்னணியில் குத்துப்பாட்டு.