அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் முன்

'உலகின் அருவருப்பான உணவுகள்' என்று வருகிற வீடியோக்கள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. ஒருவர் ஏதோ ஒரு நாட்டின் சந்தைக்குப் போவார். வறுத்த பூச்சியையோ நொதித்த மீனையோ கையில் எடுப்பார். கேமராவைப் பார்த்துக் கண்ணை உருட்டுவார், ஒரு கடி கடிப்பார், துப்புவார். அதை விற்கிற பெண்மணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தன் கையால் பக்குவம் செய்த பண்டத்தை ஒருவர் குமட்டிக் காட்டுவதை, மொழி புரியாமல், பாதி சிரிப்போடு பார்த்துக்கொண்டிருப்பார். கீழே கமெண்ட்டில் "இதையெல்லாம் மனுஷன் தின்பானா?" என்று வரிசையாக எழுதியிருப்பார்கள்.

இந்த வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஒரு பொருளை நாக்கு ஏற்கவில்லை என்றால் அதில் தப்பே கிடையாது. எல்லாருக்கும் எல்லாமும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது வேறு, 'இது மனிதர் தின்னும் பொருளே இல்லை' என்பது வேறு. இரண்டாவதைச் சொல்கிறவர், அதைத் தின்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஒரு மக்கள் கூட்டத்தையே மட்டம் தட்டுகிறார். பழைய உணவு முறைகளில் பலவும் அந்தந்த நிலத்தில் உயிர் பிழைக்கக் கண்டுபிடித்த வழிகள். அந்த அறிவை ஒரு பொருட்டாக மதிக்காதவர்கள் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்ததும் உண்டு. மக்காச்சோளத்தின் கதையைக் கேளுங்கள்.

மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. காய்ந்த மணிகளைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, ராத்திரி முழுக்க ஊற விட்டுவிடுவார்கள். காலையில் தண்ணீர் மஞ்சளாகிக் கொழகொழவென்று இருக்கும். மணிகளை அள்ளி இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நன்றாக அலசி, சாய்வான கல்லில் போட்டு, மண்டி போட்டு உட்கார்ந்து, குழவியால் முன்னும் பின்னும் இழுத்து அரைப்பார்கள். அப்போதுதான் மாவு சேர்ந்து வரும், வட்டமாகத் தட்டி டார்ட்டியா சுட முடியும். சுண்ணாம்பு சேராத மாவு உதிர்ந்து போகும். 3,000 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருந்துவரும் பக்குவம் இது. சுண்ணாம்புக்குப் பதில் மரச் சாம்பல் போடுகிறவர்களும் உண்டு.

கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு ஸ்பானியர்கள் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். விதையை மட்டும் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். எந்திரத்தில் அரைக்கத் தெரிந்தவர்களுக்கு, பழங்குடிப் பெண்கள் ராத்திரி முழுக்க ஊற வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. மலிவான தானியம், விளைச்சலும் அதிகம். ஸ்பெயினின் வடக்கிலும் இத்தாலியின் வடக்கிலும் ஏழைகளுக்கு அதுவே மூன்று வேளைச் சாப்பாடாகிப் போனது. 1735இல் காஸ்பார் காசல் என்ற ஸ்பானிய மருத்துவர் ஒரு புது நோயைப் பற்றி எழுதினார். வெயில் படுகிற இடத்தில் எல்லாம் தோல் சிவந்து, தடித்து, உரிந்து போகும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் புண். பிறகு வயிற்றுப்போக்கு, புத்தி பேதலிப்பு, கடைசியில் சாவு. பெலக்ரா என்று பின்னாளில் பெயர் பெற்ற நோய் இதுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களை இந்த நோய் சூறையாடியது. 1906இலிருந்து 1940 வரை சுமார் ஒரு லட்சம் பேர் அங்கே இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. ஏதோ கிருமி என்றே பெரிய பெரிய மருத்துவர்கள் நம்பினார்கள். 1914இல் இதை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், மனநல விடுதிகளிலும் அனாதை இல்லங்களிலும் அடைபட்டிருப்பவர்களுக்கு மட்டும்தான் இது வருகிறது, கூடவே இருக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை என்று கவனித்தார். தொற்று நோய் என்றால் ஊழியரை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? வித்தியாசம் சாப்பாட்டில்தான் என்று அடித்துச் சொன்னார். நம்பாதவர்களுக்குக் காட்ட, நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார், அவருடைய மனைவியும் ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் 1929இல் இறந்தார். நயாசின் என்ற வைட்டமின் குறைவுதான் காரணம் என்று 1937இல்தான் தெளிவானது. மக்காச்சோளத்தில் இருக்கும் நயாசினை உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி அது கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீர்தான் அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

சமையற்கட்டில் மண்டியிட்டு அரைத்துக்கொண்டிருந்த பெண்களின் கைப்பழக்கத்தில் இருந்ததை, ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்க அதற்குள் இரண்டு நூற்றாண்டுகள் ஓடிவிட்டன.

மரவள்ளியும் இப்படித்தான். கசப்பு மரவள்ளியில் சயனைடு உண்டாகும். அமேசான் காட்டு மக்கள் அதைத் துருவி, நார்க்குழாயில் அடைத்து, இழுத்துப் பிழிந்து, சாற்றை வடித்து, பிறகு வறுத்துத்தான் தின்பார்கள். போர்ச்சுகீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அங்குள்ள மக்களும் ஊறவைப்பது, புளிக்கவைப்பது, வெயிலில் காயவைப்பது என்று தங்களுக்கான வழிகளை உண்டாக்கிக்கொண்டார்கள். பஞ்சத்திலோ போரிலோ அந்த வேலையைச் சுருக்கிக்கொள்ளும்போதுதான் விபரீதம். 1981இல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கிப்போயின, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஐஸ்லாந்தில் சுறாவை மாதக்கணக்கில் பதப்படுத்தி, மூக்கைத் துளைக்கும் வாடையோடு தின்கிறார்களே, அந்தக் கிரீன்லாந்துச் சுறாவின் பச்சை இறைச்சியும் நஞ்சுதான். மண்ணில் புதைத்து, பிறகு காற்றில் தொங்கவிட்டு, அந்த நஞ்சைப் போக்குகிறார்கள். வீடியோவில் முகம் சுளிப்பவருக்கு வாடை மட்டும்தான் தெரியும்.

அடுத்தது அஜினமோட்டோ விவகாரம். இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

1908இல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர், கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டுபிடித்தார். அதை உப்பாக்கி விற்கவும் வழி செய்தார், அதுதான் அஜினமோட்டோ. அறுபது வருடம் கழித்து, 1968இல், அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு மருத்துவரின் கடிதம் வந்தது. சீன உணவகங்களில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, சோயா சாஸா, சமையல் ஒயினா, உப்பா, குளுட்டமேட்டா தெரியவில்லை என்று கேட்டிருந்தார். ஆய்வு இல்லை, வெறும் கேள்வி. இதழ் அதற்குச் 'சீன உணவக நோய்' என்று தலைப்புப் போட்டது. அவ்வளவுதான், ஒரு இனத்தின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. எது கொடுக்கப்படுகிறது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாமல், கொடுப்பவருக்கும் தெரியாமல் பலமுறை சோதித்துப் பார்த்தார்கள். சாதாரணமாகச் சாப்பாட்டில் சேரும் அளவுக்கு அந்தப் பாதிப்பு உறுதிப்படவே இல்லை. அதே குளுட்டமேட் தக்காளியில் இருக்கிறது, இத்தாலியின் பார்மிசான் பாலாடைக்கட்டியில் தாராளமாக இருக்கிறது. இத்தாலிய உணவக நோய் என்று யாரும் சொல்லவில்லையே, ஏன்? பாலாடைக்கட்டி சாப்பிட்டுவிட்டு யாரும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளவில்லை. ஓர் அமெரிக்க அகராதி அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருந்த விளக்கத்தைத் திருத்தியதே 2020இல்தான்.

பாலாடைக்கட்டி என்றதும் இன்னொன்று. உலகத்தில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாலின் சர்க்கரை சரியாகச் செரிக்காது. அவர்களில் பலருக்கு, கெட்டியாகிப் பூஞ்சை பூத்த பால் என்பதை நினைத்தாலே குமட்டும். ஆனால் பிரான்சில் நீலப் பூஞ்சை ஓடிய ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு 1925இலேயே சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அதைத் தின்பவர் நாகரிகமானவர். நூல் நூலாக இழுபடும் ஜப்பானிய நாட்டோவைத் தின்பவர் மட்டும் 'அழுகிய சோயா' தின்கிறார். இரண்டும் நுண்ணுயிர் செய்த வேலைதான். யார் தட்டில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறோம்.

சாப்பிடும் விதத்திலும் இதே மேட்டிமைதான். கையால் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து முகம் சுளித்த ஐரோப்பாவில், முள்கரண்டியையே கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. இத்தாலியில் பார்த்த முள்கரண்டிப் பழக்கத்தை ஆங்கிலேயப் பயணி தாமஸ் கோரியட் 1611இல் இங்கிலாந்துக்காரர்களுக்கு எழுதிச் சொன்னபோது, அவருக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். அங்கே அது பரவலாகப் பல தலைமுறைகள் பிடித்தன.

எத்தியோப்பியாவில் ஒரு குடும்பம் சாப்பிட உட்காருவதைப் பார்த்தால் கை எதற்கு என்று புரியும். நடுவில் ஒரே பெரிய தட்டு. அதை மூடியபடி, டெஃப் தானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செரா, மேலெல்லாம் கண் கண்ணாகத் துளைகளோடு விரிந்திருக்கும். அதன்மேல் அங்கங்கே பருப்பு, கீரை, காரமான குழம்பு. வலது கையால் ஓரத்தைக் கிழித்து, குழம்பைச் சுருட்டி எடுப்பார்கள். திடீரென்று ஒருவர் தான் சுருட்டிய கவளத்தைப் பக்கத்தில் இருப்பவரின் வாயில் ஊட்டிவிடுவார். குர்ஷா என்பார்கள். கவளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாசம். விருந்தாளி வாயைத் திறந்துதான் ஆக வேண்டும், குழம்பு விரலில் வழியும், எல்லாரும் சிரிப்பார்கள். இதைக் கரண்டியால் செய்ய முடியுமா?

அருவருப்பு என்பது நாம் பிறக்கும்போதே கொண்டுவருவது என்று வாதாடுகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை வருடத்தில் சில மாதங்கள் தின்னக் கூடாது என்று தடை போட்டார். பிறகு வந்த தடைகளும் பௌத்தமும் சேர்ந்து, மாட்டிறைச்சி என்றாலே பெரும்பாலானோர் ஒதுங்கிப் போகும் நிலை ஏற்பட்டது. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி நாடறிய வெளிவந்தது. மேற்கு நாடுகளுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்ற அரசியல் அதற்குள் இருந்தது. இன்று உலகம் முழுக்கப் பணக்காரர்கள் தேடிப்போகிற மாட்டிறைச்சி ஜப்பானுடையது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வேரோடியிருந்த ஒரு விலக்கு, சில தலைமுறைகளில் தலைகீழாகிவிட்டது. அருவருப்பு கற்றுக்கொடுக்கப்படுவது. கற்றதை மாற்றவும் முடியும்.

கற்றுக்கொடுப்பது யார் என்பதுதான் என்னை உறுத்துகிற விஷயம். கனடாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். ஒன்றரை லட்சம் குழந்தைகள். அவர்களுடைய வேட்டைக் கறியும் மீனும் காட்டுப் பழங்களும் போய், பள்ளி போட்டதுதான் சாப்பாடு என்றானது. அதுவும் வயிறு நிறையக் கிடையாது. பசியோடு கிடந்த அந்தக் குழந்தைகளை வைத்தே 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் சத்துணவுச் சோதனைகள் நடத்தினார்கள். பால் போதவில்லை என்று தெரிந்தும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாலைக் கூட்டாமலே வைத்திருந்தார்கள். இது 2013இல்தான் பரவலாக வெளியே வந்தது. வடக்கே பனிநிலத்தில் வாழும் இன்யூட் மக்கள் திமிங்கிலத் தோலைப் பச்சையாகத் தின்பதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். அந்தத் தோலில் வைட்டமின் சி இருக்கிறது. அது கிடைக்காமல்தான் ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகள் ஈறு வீங்கிச் செத்தார்கள்.

இதற்கு நேரெதிராக, கரீபியக் கடலில் இருக்கும் ஹைட்டி. பிரெஞ்சுப் பண்ணைகளில் அடிமைகள் பூசணி வளர்த்தார்கள், பூசணி சூப் சமைத்தார்கள், ஆனால் அதைக் குடிக்கும் உரிமை எஜமானர்களுக்கு மட்டும்தான். 1804 ஜனவரி 1, விடுதலை. அன்று தொடங்கி ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் அங்கே வீட்டுக்கு வீடு அதே சூப். கறியும் காய்கறியும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துக் குடிக்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கிண்ணம் சூப்புக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவர் அதை 'வித்தியாசமான டிஷ்' என்று தலைப்புப் போட்டு விற்க மாட்டார்.

'அப்படியானால் எல்லாப் பழக்கத்தையும் கும்பிட வேண்டுமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு சுறாவை உயிரோடு கடலில் தள்ளுவதை எந்தப் பாரம்பரியத்தின் பெயரிலும் என்னால் ஏற்க முடியாது. பிரான்சில் ஆர்த்தொலான் என்ற சிறு பறவையை மதுவில் மூழ்கடித்துக் கொன்று தின்னும் பழக்கமும் அப்படித்தான். அந்தப் பறவையை வேட்டையாட 1999இல் பிரான்ஸே தடை போட்டது, அரசு விருந்துகளில் சுறாத் துடுப்பு கூடாது என்று 2013இல் சீனாவே சொன்னது. எத்தனையோ சமூகங்களில் பெண்கள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைத்தான் தின்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு முட்டையும் மீனும் கூடாது என்று விலக்குகிறார்கள். இவற்றை எதிர்த்தே ஆக வேண்டும். ஆனால் கொடுமையையும் அழிவையும் அநியாயத்தையும் சுட்டிக்காட்டி எதிர்ப்பதற்குப் பெயர் விமர்சனம். வாடை, வழவழப்பு, ஆறு கால் என்று காரணம் சொல்வது விமர்சனமே இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் பட்டியலிட்ட உண்ணத்தக்க பூச்சிகள் 1,900 வகைக்கு மேல். மெக்சிகோவின் வஹாக்காவில் எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்து வறுத்த வெட்டுக்கிளி அன்றாடத் தின்பண்டம். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் மாவுப்புழுவை உணவாக விற்க அனுமதித்தபோது மட்டும் அது 'எதிர்காலத்தின் புரதம்' ஆகிவிட்டது.

இந்த வீடியோக்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள்தான் மறுநாள் வகுப்பில், வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளையின் டிபன் பாக்ஸ் திறந்ததும் மூக்கைப் பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் "நாளையிலிருந்து இது வேண்டாம், எல்லாரும் கொண்டுவருவதைக் கொடுத்துவிடு" என்று அம்மாவிடம் சொல்கிறது. பெற்றோராகவும் ஆசிரியராகவும் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்படி ஒரு வீடியோ உங்கள் பக்கம் வந்தால் பகிராதீர்கள். சமைத்தவரே பேசுகிற வீடியோக்கள் இருக்கின்றன. எதை ஊறவைத்தார், எத்தனை நாள் புளிக்கவைத்தார், யாரிடம் கற்றார் என்று அவரே சொல்லுவார். பிள்ளைகளோடு உட்கார்ந்து அவற்றைப் பாருங்கள், தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.