அப்பா கேட்பது ஏட்டில் ஒரே ஒரு வரி

சனிக்கிழமை சமூக மன்றத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரடியாகத் தெரியும். மீதிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு வாட்ஸ்அப் குழுவில் அந்த அண்ணன் போட்டதைப் படித்த பிறகு முடியவில்லை. "அறுபது வருஷத்துக்கு முந்தின ஒரு மெடலுக்காகப் பெரியவரை ஏன் இப்படி இழுத்தடிக்கிறீங்க, காசா பணமா?" இதுதான் அவர் கேட்டது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களின் கட்டைவிரலும் அதில் இருந்தது. அதுதான் வலித்தது.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாரிடமும் மெடல் கேட்கவில்லை. அப்பா செய்த சேவை அவருடைய சேவை ஏட்டில் ஏற வேண்டும் என்று கேட்கிறோம். ஒரே ஒரு வரி.

சனிக்கிழமை மூத்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, எங்கே வேலை பார்த்தார்கள், என்ன விருது பெற்றார்கள் என்று வாசித்தார்கள். அப்பாவின் முறை வந்தபோது "ஓட்டுநர்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். ஏற்பாட்டாளர் மீது எனக்குக் கோபமே இல்லை. "பதிவில் இருப்பதைத்தானே அக்கா வாசிக்க முடியும்" என்றார். சரியாகச் சொன்னார். பதிவில் இருப்பதைத்தான் உலகம் வாசிக்கும். அதனால்தான் பதிவு சரியாக இருக்க வேண்டும் என்று நான் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் உள்ளூர் ஆளாகச் சேர்ந்தவர். ராணுவத்துக்குச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்கும் படைப்பிரிவான ராயல் ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி ஓட்டுநர். இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், அதாவது நம் பிள்ளைகள் பாடத்தில் கான்ஃப்ரன்டாசி என்று படிக்கும் அந்தக் காலத்தில், போர்னியோ பக்கம் லாபுவானுக்கும் பிறகு தாவாவுக்கும் அனுப்பப்பட்டவர். மூன்று டன் பெட்ஃபோர்ட் லாரியில் அரிசி, டின் உணவு, தோட்டா, பெட்ரோல் எல்லாம் ஏற்றிக்கொண்டு எல்லைப்பக்க முகாம்களுக்குப் போனவர். 1962 டிசம்பர் 24 முதல் 1966 ஆகஸ்ட் 11 வரை போர்னியோவில் 30 நாள் பணியில் இருந்தவர்களுக்குப் பொதுச் சேவைப் பதக்கமும் அதன் நாடாவில் மாட்டும் "போர்னியோ" என்ற உலோகப் பட்டையும் உண்டு. ஊதா நாடா, இரண்டு ஓரத்திலும் கரும்பச்சை. அப்பா அங்கே பல மாதம் இருந்தார். அவருடைய சிவப்பு டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்களுக்கான கட்டத்தில் ஒன்றும் இல்லை. வெறும் கோடு.

எப்படி விட்டுப்போனது? அறுபது வருடத்துக்கு முன்னால் எந்த மேசையில் எந்தத் தாள் நழுவியது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் நழுவ வழி நிறைய இருந்தது. 1965 ஜூலை 15 அன்று அந்தக் கோரையே கலைத்து ராயல் கோர் ஆஃப் டிரான்ஸ்போர்ட் என்று புதிதாக அமைத்தார்கள். பெயர் மாறியது, ஆட்கள் மாறினார்கள், ஏடுகள் கைமாறின. அதற்கு மேல் நம் பெயர்கள் இருக்கின்றனவே! சேர்ந்த அன்று எழுதிய தாளில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. வண்டி ஓட்டும் அனுமதிச் சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் இருக்கிறது, நடுவில் "சன் ஆஃப்". மலேரியாக் காய்ச்சலுக்கு மருத்துவமனையில் சேர்த்த சீட்டில் தாத்தா வெறும் ஒற்றை எழுத்தாகிவிட்டார். மூன்று தாளிலும் சேவை எண் மட்டும் ஒன்றே. எண் ஒன்றாக இருக்கும்போது ஆள் எப்படி இரண்டாக முடியும்?

நான் பணி ஓய்வு பெறும் வரை ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவள் என்பது என் பழைய நண்பர்களுக்குத் தெரியும். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள், ஒரே நோயாளிக்கு இரண்டு பெயர், இதெல்லாம் எங்களுக்கு அன்றாடச் சோறு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீன அம்மையார் முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொன்னார். தவறான பதிவை அழிக்கவே கூடாது, மேலே வெள்ளை மை பூசக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே கையெழுத்து, தேதி. பிறகு வருபவன் எது தவறாக இருந்தது, யார் எப்போது திருத்தினார் என்று பார்க்க முடிய வேண்டும். திருத்துவதை அவமானமாக அங்கே யாரும் நினைத்ததில்லை. திருத்தாமல் விடுவதைத்தான் அவமானமாக நினைத்தோம். ஒரு மூதாட்டிக்கு ஒவ்வாத மருந்து எது என்ற குறிப்பு வேறொருவர் கோப்பில் போய் உட்கார்ந்திருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றிய அன்று வீட்டுக்கு எவ்வளவு நிம்மதியாகப் போனேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. அப்படி வேலை பார்த்தவளிடம் வந்து "பழசை ஏன் கிளறுறீங்க" என்றால் எப்படி?

எங்கள் விண்ணப்பத்துக்கு வந்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். "பதிவில் இல்லாத சேவையை உறுதிப்படுத்த இயலவில்லை." பதிவில் இல்லை என்பதுதானே ஐயா எங்கள் புகார்? அதையே பதிலாகத் திருப்பி அனுப்பினால் நாங்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

உலகத்தில் இது புதிய சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கு தீப்பிடித்து 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை ராணுவக் கோப்புகள் எரிந்தன. அதற்காக "கோப்பு இல்லை, போய் வா" என்று கதவைச் சாத்தவில்லை. கடைசிச் சம்பளச் சீட்டு, அன்றாட ஆள்கணக்கு அறிக்கை, இப்படிக் கிடைத்ததையெல்லாம் வைத்துச் சேவையை மறுபடி கட்டி எழுப்புகிறார்கள். அங்கே டிடி 214 என்ற விடுவிப்புத் தாளில் விருது விட்டுப்போயிருந்தால் டிடி 215 என்று திருத்தத் தாள் தருகிறார்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் டிடி 149 படிவம், ராணுவப் பதிவுத் திருத்த வாரியம். பிழையைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நியாயம் இருந்தால் அந்தக் காலக்கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. எரிந்துபோனதையே எழுப்ப முடிகிறது. எங்கள் கையில் எரியாத மூன்று தாள் இருக்கிறது.

பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் போனவர்களுக்கான பட்டையும், ஆர்க்டிக் கப்பல் அணிகளில் போனவர்களுக்கான நட்சத்திரமும் 2013-ல்தான் வந்தன. போர் முடிந்து 68 வருடம் கழித்து! தொண்ணூறு வயதில் சக்கர நாற்காலியில் வந்து வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து "காசா பணமா" என்று யாராவது கேட்டார்களா?

காசு என்று கேட்டதால் சொல்கிறேன். இந்தப் பதக்கத்தோடு ஒரு காசும் வராது. படித்தொகை கிடையாது, ஓய்வூதியம் ஏறாது. இணையத்தில் தேடினால் இதே பதக்கத்தின் நகலைக் கையில் இருக்கும் காசுக்கு வாங்கிவிடலாம், "வாங்கி மாட்டிவிடுங்கக்கா, அப்பாவுக்குத் தெரியவா போகுது" என்று ஒரு தம்பி அக்கறையோடு சொன்னார். அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் தம்பி, உண்மையான பதக்கத்தின் விளிம்பில் சேவை எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். கடையில் வாங்கியதில் விளிம்பு மொட்டையாக இருக்கும், இல்லையென்றால் வேறு எவருடைய அப்பாவின் பெயரோ இருக்கும். அதை என் அப்பாவின் சட்டையில் குத்தச் சொல்கிறீர்களா?

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும், இன்னும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பொய் சொல்லிப் பதக்கம் கேட்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஆகவே சரிபார்க்கட்டும், கடுமையாகவே சரிபார்க்கட்டும். நான் பதிவேட்டுக்காரி, ஆதாரம் கேட்பதை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். மலேரியாச் சீட்டின் தேதியையும், தாவாவிலிருந்து பெரியப்பாவுக்கு அப்பா எழுதிய கடிதத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே முப்பது நாள் தாண்டிவிடுகிறது. பார்த்துவிட்டு மறுக்கட்டும். பார்க்காமல் மறுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குப் போனதற்கு இவ்வளவு பெருமையா" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பிறகு அழித்துவிட்டார், ஆனால் நான் பார்த்துவிட்டேன். ஆமாம், கூலிக்குத்தான் போனார். வீட்டில் ஆறு பிள்ளைகள், தாத்தாவுக்கு நெஞ்சுவலி, மூத்தவர் பெரியப்பாவுக்கும் நிலையான வேலை இல்லை. பசிக்குப் போனவன் செய்த வேலை வேலை இல்லையா? அவர் அங்கே தோட்டா ஏற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இங்கே 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் இந்தோனேசியர்கள் வைத்த குண்டு வெடித்து 3 பேர் செத்தார்கள், 33 பேர் காயப்பட்டார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் ஜொகூரின் கோத்தா திங்கியில் அதே மோதலில் நம் இரண்டாம் காலாட்படை அணியின் 9 பேர் உயிர்விட்டார்கள். அது யாருடைய சண்டை? வெள்ளைக்காரனுடையது மட்டுமா? அந்த மோதலுக்காக டோபி காட் பகுதியில் 2015-ல் வைத்த நினைவுச்சின்னத்தைத் தாண்டித்தானே தினமும் எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுகிறோம்? அங்கே நின்று வாசித்துவிட்டு வந்து என் அப்பாவைக் கூலி என்று சொல்லுங்கள்.

நம்மவர் பெயர் ஏட்டில் விட்டுப்போவதைப் பற்றி நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் 2021-ல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படியுங்கள். முதல் உலகப் போரில் செத்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். இங்கே கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போய் அந்தச் சுவர்களைப் பாருங்கள். உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். நம் ஊர்ப் பெயர்களும் அங்கே இருக்கின்றன, என் மகன் தேசிய சேவையில் இருந்தபோது விரல் வைத்துத் தேடிப் படித்தான். செத்தவர்களுக்காவது சுவர் இருக்கிறது. உயிரோடு திரும்பி வந்து, 1971-ல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியபோது வேலை போய், மறுநாளே பஸ் ஓட்டப் போனவருக்கு என்ன இருக்கிறது? அந்தச் சிவப்புப் புத்தகம் ஒன்றுதான். அதிலும் கோடு.

"அவரே கேட்கலையே, மகளுக்கு என்ன வந்தது" என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல மாட்டேன். நம் அப்பாக்கள் எதைத்தான் வாய்விட்டுக் கேட்டார்கள்? அதிகாரி எதிரே நின்றால் பாதி வாக்கியத்திலேயே "பரவாயில்லை சார்" என்று திரும்பி வந்துவிடும் தலைமுறை அது. கேட்காததால் வேண்டாம் என்று அர்த்தமா? சனிக்கிழமைக்காக வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போடச் சொன்னவர் அவர். மேடையிலிருந்து இறங்கி வரும்போது "விடும்மா, சாப்பாட்டு வரிசை பெரிசாயிடும்" என்றார். அன்றிலிருந்து புளோக்குக்குக் கீழே காப்பிக் கடைக்குப் போகவில்லை. கூட்டாளிகள் கேட்பார்களாம். அண்ணே, நீங்கள் குழுவில் எழுதியதை அவர் படிக்கவில்லை. படித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சின்ன வயதில் அவர் ஓட்டிய பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்தானே? சில்லறை இல்லாத நாளில் அவர் தன் பையிலிருந்து உங்களுக்காகப் போட்டதை நீங்களே ஒருநாள் சொல்லியிருக்கிறீர்கள். அவரைப் பற்றி எழுதும்போது அதுவாவது நினைவுக்கு வந்திருக்கக் கூடாதா?

இந்த வாரம் விண்ணப்பத்தை மறுபடி அனுப்புகிறேன். இந்த முறை மூன்று தாளின் நகலோடு, பெயர் வேறுபாட்டுக்கு ஒரு சத்தியப் பிரமாணமும் சேர்க்கிறேன். ஈசூனில் இருக்கும் அப்பாவின் கூட்டாளி மாமா, அதே தாவா முகாமில் இருந்தவர், சாட்சிக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்தப் பதக்கம் வந்திருக்கிறது, பெயரும் எண்ணும் விளிம்பில் இருக்கின்றன.

உங்கள் அப்பாவோ, தாத்தாவோ, பெரியப்பாவோ 1964 முதல் 1966 வரை பிரிட்டிஷ் ராணுவப் போக்குவரத்துப் பிரிவுகளில் இருந்திருந்தால், லாபுவானிலோ தாவாவிலோ எடுத்த படம் ஏதாவது பெட்டியில் கிடந்தால், பின்பக்கம் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படம் எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். குழுப் படமாக இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் அந்தக் கட்டத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கோடு இருந்தால் சொல்லுங்கள், எந்தத் தாள் வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று நான் உட்கார்ந்து உதவுகிறேன்.