நெல்சன் என்றால் வைக்கிங்காம்!

ஒரு படம் சுற்றுகிறது: வைக்கிங்குகளின், அதாவது பழைய ஸ்காண்டிநேவியக் கடல் கொள்ளையரின், கொம்பு வைத்த தலைக்கவசம், கீழே "நெல்சன்: வைக்கிங் வம்சப் பெயர்". அந்தப் படத்தில் என்னை டேக் செய்தது போதும். (அந்தக் கொம்பும் கட்டுக்கதைதான், விடுங்கள்.)

நெல்சன் ஒரு பெயரல்ல, இரண்டு. ஒரே ஸ்பெல்லிங்கில் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு.

இங்கிலாந்து நெல்சன், நெல் என்பவனின் மகன். அந்த நெல், அயர்லாந்தின் நியால். அங்கே குடியேறிய நார்ஸ்காரர்கள் (பழைய ஸ்காண்டிநேவியர்கள்) அதை நியாள் என்றார்கள்; அவர்கள் மூலமும், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் மூலமும் அது இங்கிலாந்துக்குப் போனது. சுவீடனின் நில்சன், டென்மார்க்கின் நீல்சன் வேறு ஜாதி. நில்ஸ், நீல்ஸ் என்றால் நிக்கோலஸ். ஆமாம், கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூதாதையான அதே புனிதர். ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவமான ஊரில் புழங்கிய பெயரை எடுத்து அதற்கு வைக்கிங் கோடரி மாட்டிவிடுகிறார்கள்!

"நியாள் நார்ஸ் வடிவம்தானே, -சன் பெயர்கள் டேனியர் ஆண்ட வடக்கு இங்கிலாந்தில்தானே அதிகம்?" என்பீர்கள். நியாயமான கேள்வி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே அப்பா பெயர் குடும்பப் பெயராக உறைந்தது பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில். வைக்கிங்குகள் ஓய்ந்து இருநூறு, முந்நூறு வருஷம் கழித்து. "டி.என்.ஏ. டெஸ்டில் வந்ததே" என்பவர்களுக்கு: எச்சிலில் ஸ்பெல்லிங் இருக்காது.

சுவீடன் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டிலும் நம் இனிஷியல் கதைதான். நில்ஸ் ஆண்டர்சனுக்குப் பெர் (Per) என்று ஒரு மகன் இருந்தால், அவன் பெர் நில்சன். மகள் நில்ஸ்டாட்டர், கல்யாணம் ஆனாலும் அதே பெயர். பெரின் மகன்கள் பெர்சன். அங்கே குடும்பப் பெயர்களை முறைப்படுத்தும் சட்டம் வந்தது 1901இல்தான்; ஒவ்வொருவருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்தது 1923இல். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்கு அப்பா பெயர்தான். இதில் வம்சப் பெயர் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இத்தனை நெல்சன் ஏன்? நில்சனும் நீல்சனும் அங்கே போய் இங்கிலீஷ்காரன் ஸ்பெல்லிங்கை மாட்டிக்கொண்டதால். அந்த மாநில கவர்னராக இருந்த க்னூட் நெல்சன் நார்வேயில் பிறந்தவர். நெல்சன் என்பது மாற்றாந்தந்தை நில்ஸ் வழியாக வந்தது! எல்லிஸ் தீவு (நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த இடம்) குமாஸ்தா பெயரை மாற்றினார் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். பயணிகள் பட்டியல் கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே எழுதப்பட்டது; தீவில் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரைப் பெரும்பாலும் மாற்றிக்கொண்டது வந்தவர்களேதான்.

தேடத்தான் வேண்டுமென்றால் சுவீடன் பதிவேட்டில் "நெல்சன்" என்று தட்டாதீர்கள், வராது. முதலில் அமெரிக்கச் சர்ச் பதிவேட்டிலோ குடியுரிமைக் காகிதத்திலோ சொந்த ஊர்ப் பங்கின் (அந்த வட்டாரச் சர்ச்சின்) பெயரைப் பிடியுங்கள். பிறகு அந்தப் பங்கின் குடும்பப் பதிவேட்டில் பிறந்த தேதியை வைத்துத் தேடுங்கள். பெயரை நம்பினால் ஒரே பங்கில் பத்து நில்ஸ் ஆண்டர்சன் நிற்பார்கள்.

நம்மூர்க் கிறிஸ்தவர் வீட்டு நெல்சன்களுக்கு இது எதுவுமே பொருந்தாது. அது வைத்த பெயர், வாரிசுப் பெயரல்ல. மண்டேலாவுக்கே பள்ளிக்கூட டீச்சர் வைத்ததுதான்.

இவ்வளவு எழுதியும் "மயிர் பிளக்கிறார்" என்று ஒரு கமென்ட் வரும், தெரியும். அவர்களும் வரட்டும், கையில் பங்கின் பெயரோடு.