அழிப்பதற்கு முன்னால் பத்து வரி மேலே படித்திருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை நம் காசிமேடு படிப்பகத்தில் நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். "விடுக்கா, பழைய மிஷின்தானே" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

படிப்பகக் கம்ப்யூட்டரில் உபுண்டு (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்) அப்கிரேடு பாதியில் நின்றது. உதவிக்கு வந்தவர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை, ஃபார்மட் போட்டு, அதாவது டிஸ்க்கை அழித்து, புதிதாக இன்ஸ்டால் செய்துவிட்டார். அப்கிரேடு ஃபெயில் ஆனால் அழிக்கக் கூடாது, படிக்க வேண்டும். எட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பையன் திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். கடைசி வரியில் டிபிகேஜி (உபுண்டுவில் மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவும் நிரல்), எரர் கோட் 1 என்று இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் பார்த்து பயப்படுகிறார்கள். எங்கேயோ கோளாறு என்பதைத் தவிர அந்த வரி வேறு எதையும் சொல்லாது. காரணம் மேலே இருக்கும். படத்திலும் பத்து வரி மேலே இருக்கிறது: 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. இடமில்லை என்கிறது. மிஷின் ஆன் ஆகத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகுதி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். புது கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரும்போதெல்லாம் அதுவும், அது ஆன் ஆக உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் அங்கேதான் வந்து உட்காரும். பழையவற்றை எடுக்காவிட்டால் ஒருநாள் இடம் தீரும். எங்கே எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளை போட்டிருந்தால் தெரிந்திருக்கும். யூனேம் போட்டு இப்போது எந்தக் கர்னல் ஓடுகிறது என்று பார்த்து, அதை விட்டுவிட்டு, பழையதில் ஒன்றிரண்டை நீக்கி, அப்புறம் டிபிகேஜி கான்ஃபிகர் கொடுத்தால் நின்ற இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும். கால் மணி நேர வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் வீட்டு மிஷின் அப்கிரேடு நடுவில் கரண்ட் போய் அணைந்தது. தெருவில் முட்டியளவு தண்ணீர். கரண்ட் வந்து ஆன் செய்தால் புதுக் கர்னலில் ஏறவே இல்லை. ஆன் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனேன். வார் லாக்கில் ஆப்ட் ஃபோல்டரைத் திறந்து, அப்கிரேடு நடந்ததெல்லாம் பதிவாகும் டெர்ம் லாக் கோப்பில் எந்தப் பேக்கேஜோடு நின்றது என்று படித்தேன். அதே கான்ஃபிகர் கட்டளைதான். ஒரு கோப்பும் போகவில்லை.

"அவர் நல்ல மனசோடதானே செய்தார்?" ஆமாம். லீவு நாளில், காசு வாங்காமல் வந்தார். அதற்கு நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனால் நல்ல மனசு இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யலாமே? நான் பக்கத்துத் தெருவில்தான் இருந்தேன்.

"பேக்கப் எடுக்காதது உன் தப்பு." சரி, என் தப்புதான். பென் டிரைவில் இருப்பது பிப்ரவரி வரைக்கும்தான். அதற்காக உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழிப்பது சரியாகிவிடுமா? பாதியில் நின்ற அப்கிரேடு, நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தொடவே இல்லை. தொட்டது ஃபார்மட்.

அந்த ஹோம் ஃபோல்டரில் என்ன இருந்தது தெரியுமா? எட்டாவது படிக்கிற ஐந்து பிள்ளைகள் தாத்தாக்களிடம் கேட்டுக் கேட்டுத் தட்டிய பட்டியல். மீன் பெயர், வலையின் பெயர், காற்றின் பெயர். வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி எல்லாம் உங்களுக்கும் தெரியும். இவர்கள் எழுதியதில் பாதி நானே கேட்காதது. ஒரு பெண்ணின் தாத்தா மே மாதம் இறந்துவிட்டார். அவர் சொன்னதை அவள்தான் தட்டினாள். திங்கட்கிழமை வந்து, "அக்கா, தாத்தா சொன்னதெல்லாம் எங்கே?" என்று கேட்டாள். "பசங்க விளையாடற மிஷின்னு நினைச்சேன்" என்று ஃபார்மட் போட்டவர் சொன்னார். வேறு ஏரியாவில், ஒரு ஆபீஸ் மிஷினாக இருந்தால் கேட்காமல் அழித்திருப்பாரா? எனக்கு அதுதான் வலிக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை போட்டோரெக் (அழிந்த கோப்புகளை மீட்கும் நிரல்) ஓட்டிப் பார்க்கப்போகிறேன். கோப்பின் பெயர்கள் வராது, உள்ளே இருப்பதில் கொஞ்சமாவது வரலாம். புது இன்ஸ்டால் எவ்வளவு இடத்தை மேலெழுதியது என்பதைப் பொறுத்தது. அதுவரை அந்த டிஸ்க்கை யாரும் எந்த மிஷினிலும் மாட்ட வேண்டாம். படிப்பகச் சாவி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.