முன் சக்கர டோ கோணம் வண்டியை ஒரு பக்கம் இழுக்காது

அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) முடிந்தும் பிக்கப் ஒரு பக்கம் இழுத்தால் முன் சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தப்பு, அதை மறுபடி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வது சரியல்ல. இரண்டு முன் சக்கரங்களும் டை ராடால் (ஸ்டீயரிங்கோடு சக்கரங்களை இணைக்கும் கம்பி) இணைந்தவை. ஓடும்போது டோவை இரண்டு சக்கரங்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். டோ தவறினால் டயர் ஓரம் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் ஓடுவது வேறு கோளாறு.

முதலில் காற்றழுத்தம் இரு பக்கமும் சமமா என்று பாருங்கள். அப்புறம் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். இழுவை எதிர்ப்பக்கம் மாறினால் குற்றம் டயரில்தான். அதை எந்த அலைன்மென்ட்டும் தீர்க்காது. (ஒரே திசையில் சுழல வேண்டிய டயர் என்றால் முன்பின்னாக மாற்றுங்கள்.) மாறவில்லை என்றால் அலைன்மென்ட் செய்த இடத்தில் தந்த அளவுத் தாளைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு எண்ணும் பச்சைக்குள் (அனுமதித்த அளவுக்குள்) இருப்பது போதாது, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு; மேல்பகுதி வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்) அதிக பாசிட்டிவாக உள்ள பக்கமும், காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைவாக உள்ள பக்கமும் வண்டியைத் தன் பக்கம் இழுக்கும்.

பிரேக்கையும் விட்டுவிடாதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் அதைச் சரிசெய்யாமல் தொடர்ந்து ஓட்ட வேண்டாம்.