12 மணி நேர விசாரணை, ஒரு டேப்கூட இல்லை

2025 மார்ச்சில் கென்னடி கொலை தொடர்பான கோப்புகளை அமெரிக்க அரசு மொத்தமாக வெளியிட்டபோது ஒரு பக்கம் "உண்மை வெளியே வந்துவிட்டது" என்றார்கள், இன்னொரு பக்கம் "இன்னும் எதையோ மறைக்கிறார்கள்" என்றார்கள். பல்லாயிரம் பக்கங்கள். அவற்றில் பெரும்பாலானவை முன்பே வெளியாகி, அங்கங்கே சில வரிகள் மட்டும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தவை. அவசர அவசரமாக அந்த மையை நீக்கியதில், உயிரோடிருக்கும் பலருடைய சமூகப் பாதுகாப்பு எண்கள்கூட ஊருக்கே தெரிந்துபோயின. யார் சுட்டது என்ற கேள்விக்கு மட்டும் புதிதாகப் பதில் எதுவும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்குக்குப் பெரிய சேதத்தைச் செய்தது யாரோ பூட்டி வைத்த கோப்பு அல்ல. டல்லாஸ் போலீஸ் தலைமையகத்தின் மூன்றாவது மாடியில், கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 முதல் 24 வரை, குறித்து வைக்க வேண்டியதைக் குறித்து வைக்காமல் விட்டார்களே, அதுதான். சி.ஐ.ஏ.வின் கோப்புகள் முழுதாகத் திறக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதப்படாததை எந்த அதிபரும் உத்தரவு போட்டு வெளியிட முடியாது. இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணமே அதே டல்லாஸ் போலீஸின் கேஸ் கட்டுதான். அதைப் படிக்கப் படிக்க, எழுதி வைத்த பகுதி எவ்வளவு உதவுகிறது, எழுதாமல் விட்ட பகுதி எவ்வளவு வலிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்க அதிபரின் கொலையை ஒரு நகரத்துப் போலீஸ் ஏன் விசாரித்தது என்று பலருக்குத் தோன்றும். அன்றைக்கு அதிபரைக் கொல்வது மத்திய அரசுச் சட்டப்படி தனிக் குற்றமே கிடையாது. அந்தச் சட்டம் 1965இல்தான் வந்தது. 1963இல் அது டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த ஒரு கொலை, அவ்வளவுதான். அதனால் டல்லாஸ் போலீஸின் கொலை, கொள்ளைப் பிரிவுத் தலைவர் கேப்டன் வில் ஃப்ரிட்ஸ் மேசைக்கு அது வந்தது. எஃப்.பி.ஐ, சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள் எல்லாம் அதே அறையில் வந்து நின்றார்கள். ஆனால் வழக்கு டல்லாஸுடையது.

அந்த வழக்கின் காகிதங்கள் பொதுமக்கள் கைக்கு வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1989இல் டல்லாஸ் நகர மன்றம் தீர்மானம் போட்டு, போலீஸிடம் இருந்த கட்டுகளை நகர ஆவணக் காப்பகத்துக்கு மாற்றியது. 1992 தொடக்கத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொன்னது. வாஷிங்டனில் கென்னடி ஆவணச் சட்டம் நிறைவேறியது அதே ஆண்டு அக்டோபரில். அதாவது நாட்டின் தலைநகரத்தை முந்திக்கொண்டு ஒரு நகராட்சி கதவைத் திறந்தது. 11,000க்கும் மேற்பட்ட ஆவணங்களும் படங்களும். இன்று வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'போர்ட்டல் டு டெக்சாஸ் ஹிஸ்டரி' தளத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு தாளையும் பெரிதாக்கிப் படிக்கலாம். கைரேகை அட்டை, 54018 என்ற எண்ணோடு, கொலை செய்ததாகக் கைதாகி இரண்டு நாளில் போலீஸ் காவலிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட லீ ஆஸ்வால்டின் போட்டோ, தட்டச்சு செய்த வாக்குமூலங்கள், துப்பாக்கியின் படங்கள், எல்லாம் இருக்கின்றன.

அதில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் முதல் இரண்டு நாள் வாக்குமூலங்கள்தான்.

மேரியன் பேக்கர் என்ற போக்குவரத்துப் போலீஸ்காரர். கென்னடியின் ஊர்வலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தவர். சத்தம் கேட்டதும் வண்டியை நிறுத்திவிட்டு டெக்சாஸ் பள்ளிப் புத்தகக் கிடங்குக்குள் ஓடினார். கிடங்கின் மேலாளர் ராய் ட்ரூலி வழிகாட்ட, இருவரும் படியேறினார்கள். நவம்பர் 22ஆம் தேதி பேக்கர் கையெழுத்திட்ட தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? மூன்றாவது அல்லது நான்காவது மாடியில், படிக்கட்டை விட்டு விலகி நடந்து போன ஒருவனைப் பார்த்ததாக இருக்கிறது. கூப்பிட்டேன், திரும்பி வந்தான், "இவனை எனக்குத் தெரியும், இங்கே வேலை பார்க்கிறவன்" என்று மேலாளர் சொன்னார், விட்டுவிட்டேன் என்கிறார். வயது சுமார் 30, வெளிர் பழுப்பு ஜாக்கெட் என்றும் இருக்கிறது. மறுநாள் ட்ரூலி கொடுத்த வாக்குமூலமோ வேறு மாதிரி. இரண்டாவது மாடி, சாப்பாட்டு அறை, கோக் மெஷின் இருக்கும் இடம், உள்ளே நின்றது லீ ஆஸ்வால்டு.

ஆஸ்வால்டுக்கு அப்போது வயது 24. மாடியும் பொருந்தவில்லை, அறையும் பொருந்தவில்லை. இதைக் காட்டித்தான் "பார்த்தீர்களா, கதையை ஜோடித்திருக்கிறார்கள்" என்று கிளம்புகிறவர்கள் ஏராளம். எனக்கு இது நேர் எதிராகத் தோன்றுகிறது. ஜோடிக்க நினைத்தவன் முதல் வேலையாக இந்த இரண்டு தாள்களையும் ஒன்றுபோல் ஆக்கியிருப்பான். பழக்கமில்லாத கட்டடத்தில் துப்பாக்கியோடு படியேறி ஓடிய மனிதருக்கு மாடிக் கணக்கு தப்பியிருக்கிறது. அந்தக் கட்டடத்திலேயே தினமும் வேலை பார்த்தவருக்குத் தப்பவில்லை. அந்தத் தப்பு திருத்தப்படாமல் அப்படியே கட்டில் கிடப்பதால்தான் நான் அந்தக் கட்டை நம்புகிறேன்.

துப்பாக்கி விஷயமும் அப்படியே. ஆறாவது மாடியில் அதைக் கண்டெடுத்தவர்களில் ஒருவரான சீமோர் வைட்ஸ்மேன், மறுநாள் வாக்குமூலத்தில் அது 7.65 மாசர் என்று எழுதிக் கையெழுத்திட்டார். உண்மையில் அது சி2766 என்ற எண் கொண்ட 6.5 மில்லிமீட்டர் இத்தாலிய மான்லிச்சர் கார்கானோ. தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னேன் என்று பின்னால் ஒப்புக்கொண்டார். இரண்டுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. அதைக் கண்டெடுத்த சமயத்தில் ஒரு டிவி ஒளிப்பதிவாளர் எடுத்த படச்சுருளும் இருக்கிறது, அதில் இருப்பது கார்கானோதான். படச்சுருள் இருந்ததால் இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல முடிகிறது.

சரி, பதிவு இல்லாத இடத்தில் என்ன ஆனது?

ஆஸ்வால்டு கைதானது அன்று மதியம் 2 மணிக்குச் சற்று முன்பு. வெள்ளி மதியம் தொடங்கி ஞாயிறு காலை வரை விட்டுவிட்டு மொத்தம் 12 மணி நேரம் விசாரித்தார்கள். டேப் ரெக்கார்டர் இல்லை. சுருக்கெழுத்தாளர் இல்லை. உலகத்தின் கண்ணெல்லாம் அந்தக் கட்டடத்தின் மேல் இருந்தது. அறைக்கு வெளியே 7 அடி அகலத் தாழ்வாரத்தில் டிவி கேமராக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட செய்தியாளர்களும் நெரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தாழ்வாரத்தில் ஆஸ்வால்டு நடந்து போகும்போது கத்திய ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகியிருக்கிறது. கதவுக்கு உள்ளே சொன்னதில் ஒரு வார்த்தைகூட ஒலியாக இல்லை. தன் பிரிவுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வேண்டும் என்று பல முறை கேட்டும் கிடைக்கவில்லை என்று, கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் கமிஷனிடம் ஃப்ரிட்ஸ் சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் பாதி, பட்ஜெட் போட்டவர்கள் மேல் போனது. மீதிப் பாதி இன்னும் அவர் மேல்தான். வெளியே அத்தனை டிவிக்காரர்கள் நிற்கிறார்கள், கேட்டால் ஒரு மெஷினை யாரும் தந்திருப்பார்கள்.

மிஞ்சியது என்ன? ஃப்ரிட்ஸ் பின்னால் தயாரித்த தட்டச்சு அறிக்கை, கூட இருந்த எஃப்.பி.ஐ, சீக்ரெட் சர்வீஸ், தபால் துறை அதிகாரிகள் தங்கள் கோணத்தில் எழுதிய அறிக்கைகள். அப்புறம், ஃப்ரிட்ஸ் இறந்து பல வருஷங்கள் கழித்து, 1997இல், அவர் கையால் கிறுக்கிய குறிப்புத் தாள்கள் வெளியே வந்தன. அவ்வளவு முக்கியமான காகிதம் 34 வருஷம் கேஸ் கட்டிலேயே இல்லை. அந்தத் தாளில் ஒரு வரி: இரண்டாவது மாடியில் கோக் குடித்தபோது அதிகாரி வந்தார். அதற்கடுத்து: முதல் தளத்துக்குப் போய்ச் சாப்பிட்டது. அதற்கடுத்து: "முன்னால் பில் ஷெல்லியுடன் வெளியே". ஷெல்லி கிடங்கில் ஒரு மேற்பார்வையாளர். இந்த "வெளியே" எப்போது? சுட்ட நேரத்திலா, சுட்டுவிட்டுக் கிளம்பும்போதா? ஒருவன் குற்றமற்றவன் என்பதற்கான ஆதாரமா, கொலைகாரன் நழுவிய வழியா என்பது அந்த ஒற்றை வரியைப் படிக்கும் விதத்தில் தொங்குகிறது. ஆராய்ச்சியாளர்கள் இன்றும் இதை வைத்து அடித்துக்கொள்கிறார்கள். ஒரு டேப் ஓடியிருந்தால் இந்தச் சண்டை ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

உள்ளங்கை ரேகை கதையையும் சொல்ல வேண்டும். லெஃப்டினென்ட் கார்ல் டே, துப்பாக்கிக் குழாயின் அடிப்பகுதியில் இருந்த ரேகையை அன்று மாலையே ஒட்டி எடுத்தார். அட்டையில் எண்ணும் தேதியும் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஆனால் எடுப்பதற்கு முன் அந்த ரேகையைப் படம் பிடிக்கவில்லை. அன்றிரவு நள்ளிரவுக்குக் கால் மணி நேரம் முன்பு துப்பாக்கி எஃப்.பி.ஐ.யிடம் போனது. இந்த அட்டை கூடப் போகவில்லை. எஃப்.பி.ஐ. ஆய்வகத்துக்கு அது கிடைத்தது நவம்பர் 29இல், ஆஸ்வால்டு செத்து ஐந்து நாள் கழித்து. ரேகை ஆஸ்வால்டுடையதுதான் என்று நிபுணர்கள் பிறகு உறுதி செய்தார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் "பிணத்தின் கையை வைத்து எடுத்த ரேகை" என்று ஒருவன் சொன்னால் அவன் முகத்துக்கு நேரே காட்ட ஒரு போட்டோ இல்லையே.

எஃப்.பி.ஐ. இன்னும் மோசம். ஆஸ்வால்டு தன் கைப்பட எழுதி எஃப்.பி.ஐ.யின் டல்லாஸ் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போன ஒரு குறிப்பை, அவர் செத்த கையோடு கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். வெளியே தெரிந்தது 1975இல். டல்லாஸ் போலீஸ்காரர்களிலும் சிலர், ஆஸ்வால்டு துப்பாக்கியோடு கொல்லைப்புறத்தில் நிற்கும் படங்களைத் தங்களுக்கு நினைவாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். கமிஷன் பார்த்தேயிராத ஒரு மூன்றாவது படம், இறந்துபோன ஒரு போலீஸ்காரரின் மனைவியிடமிருந்து 1976இல் வந்தது. வழக்குச் சொத்தை வீட்டுக்கு எடுத்துப் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கெல்லாம் மாற்றாக நான் நினைத்துப் பார்ப்பது போலீஸ் வயர்லெஸ் பதிவை. யாரும் சரித்திரத்துக்காகச் செய்ததல்ல, வழக்கமாக ஓடும் மெஷின். அதில் 12:45க்குச் சந்தேக நபரின் அடையாளம் ஒலிபரப்பாகிறது. சற்று நேரத்தில், ஓக் கிளிஃப் பகுதியில் ஒரு சாதாரணக் குடிமகன், சுடப்பட்டுக் கிடக்கும் டிப்பிட் என்ற போலீஸ்காரரின் காரிலிருந்த மைக்கை எடுத்து, இங்கே ஒரு போலீஸ்காரரைச் சுட்டுவிட்டார்கள் என்று தகவல் சொல்கிறார். டிப்பிட்டுக்கு வயது 39, மூன்று குழந்தைகள். கென்னடி கதை சொல்பவர்கள் பலர் அவரை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். ஆஸ்வால்டு மேல் அன்று முதலில் பதிவான குற்றச்சாட்டு டிப்பிட் கொலைதான், மாலை 7:10க்கு. கென்னடி கொலைக் குற்றச்சாட்டை அவருக்கு முறைப்படி அறிவித்தது நள்ளிரவு தாண்டித்தான்.

இதே வயர்லெஸ் பதிவை வைத்துத்தான் 1979இல் நாடாளுமன்றக் குழு, நாலாவதாக ஒரு குண்டு முன்பக்கத்திலிருந்து வந்தது, சதி இருந்திருக்கலாம் என்றது. ஒரு மோட்டார் சைக்கிள் மைக் திறந்தபடி சிக்கிக்கொண்டதால் வெடிச் சத்தம் அதில் பதிவானதாம். ஓஹியோவைச் சேர்ந்த ஒரு டிரம் வாசிப்பாளர் அந்தப் பதிவின் பிரதியை வீட்டில் போட்டுக் கேட்டார். வெடிச் சத்தம் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஷெரிஃபின் குரல் மெல்லக் கேட்டது. சுட்ட பிறகு அவர் இன்னொரு அலைவரிசையில் கொடுத்த உத்தரவு அது. 1982இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு அதையே ஆராய்ந்து, அந்தச் சத்தங்கள் கொலை நடந்து சுமார் ஒரு நிமிஷம் கழித்து வந்தவை என்று முடிவு சொன்னது. அதை இன்னும் ஏற்காதவர்கள் உண்டு. ஏற்பவரும் மறுப்பவரும் ஒரே பதிவைக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். அதுபோதும் எனக்கு.

ஞாயிறு காலை ஆஸ்வால்டை மாவட்டச் சிறைக்கு மாற்றும் வேளையும் இப்படித்தான். 10 மணிக்கு வந்தால் போதும் என்று போலீஸ் தலைவர் ஜெஸ்ஸி கரி செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். கடைசிச் சுற்று விசாரணை நீண்டுகொண்டே போனது. அந்த நேரத்தில் இரவு விடுதி நடத்திவந்த ஜாக் ரூபி பக்கத்துத் தெருவில் வெஸ்டர்ன் யூனியனில் 25 டாலர் மணியார்டர் அனுப்புகிறார். ரசீதில் முத்திரை 11:17. போலீஸ் தலைமையகத்தின் அடித்தளத்தில் அவர் ஆஸ்வால்டைச் சுட்டது 11:21. ஒரு குமாஸ்தா வழக்கம்போலக் குத்திய முத்திரை, 'எல்லாம் முன்கூட்டியே நேரம் குறித்துச் செய்தது' என்ற வாதத்தை எவ்வளவு கஷ்டப்படுத்துகிறது பாருங்கள்.

டேப் இருந்திருந்தாலும் ஆஸ்வால்டு பொய்தானே சொல்லியிருப்பார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், சொன்னார். துப்பாக்கியே என்னிடம் இல்லை என்றார். சனிக்கிழமை மாலை படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது, முகம் மட்டும் என்னுடையது, உடம்பு வேறு யாருடையதோ, ஒட்டியிருக்கிறார்கள் என்றார். அவர்தான் சுட்டார் என்பது என் முடிவு, அதனால் எனக்கு இவை பொய்கள். ஆனால் பொய்யும் ஆதாரம்தான். எந்தக் கேள்விக்கு உடனே பதில் வந்தது, எதற்குத் தயங்கினார், ஷெல்லி பெயரை அவரே சொன்னாரா, கேட்டதற்குச் சொன்னாரா? ஃப்ரிட்ஸின் தாளில் பதில்கள் மட்டும் அரைகுறையாக இருக்கின்றன. கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை.