பாசம் மட்டும் போதாது

"குழந்தைகள் மேல் பாசம் இருந்தால் போதும், மழலையர் ஆசிரியர் ஆகிவிடலாம்" என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. பாசம் வேண்டும், சரி. ஆனால் மழலையர் ஆசிரியர் படிப்பின் பயிற்சிக் காலத்தில் என்னைத் திணறடித்தது கவனித்து எழுதும் வேலைதான். ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பார்த்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். நான் "அடம் பிடித்தான்" என்று எழுதினேன், மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு "என்ன செய்தான், அதைச் சொல்லுங்கள்" என்றார். யோசித்துப் பார்த்தால், மூன்று வயதுப் பையன், ஒரு நீலக் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அடம் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. 1907-ல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர், அவருடைய கற்பிக்கும் முறையே இப்படி உற்றுப் பார்த்ததில் வளர்ந்ததுதான். அப்புறம், இந்தப் படிப்பில் சேரப் போகிறவர்கள் வளர்ச்சிப் பருவங்களை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல் முதலுதவிப் பயிற்சியையும் முடித்துவிடுங்கள், ஒரு குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது. முதுகையும் பார்த்துக்கொள்ளுங்கள்! நாள் முழுக்கக் குட்டி நாற்காலி உயரத்துக்குக் குனிய வேண்டியிருக்கும், இதை எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.